ஐந்து பாடங்களில் எது தேறும்? ஆசிரியர்கள் வெப்குவெஸ்ட்களை எடைபோடும் ஒரு பயிற்சி: நிகழ்வு ஆய்வு

நான்கு ஆசிரியர்கள் ஒரு குழு. அவர்கள் முன்னால் இணையத்தில் உள்ள ஐந்து பாடச் செயல்பாடுகள். இந்த வகைச் செயல்பாட்டுக்கு வெப்குவெஸ்ட் என்று பெயர். எதற்கும் ஏழு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகளுக்குக் குழுவாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த ஐந்தில் சிறந்த இரண்டு எவை, ஏன்? மோசமான இரண்டு எவை, ஏன்? சிறந்தது, மோசமானது என்று நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பம் கற்பித்த பேராசிரியர் பெர்னி டாட்ஜ் 1990-களில் வடிவமைத்த பயிற்சி இது. 'வெப்குவெஸ்ட்களைப் பற்றிய ஒரு வெப்குவெஸ்ட்' என்று அதற்குப் பெயர். ஆசிரியர் பயிற்சி நடத்துபவர்கள் பலர் அதை எடுத்து, உதாரணங்களை மாற்றி, தங்கள் வகுப்புக்கு ஏற்றபடி திருத்திப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஒரு செயல்பாட்டை நம் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று ஆசிரியர் எப்படி முடிவு செய்வது? இந்தக் கேள்விக்கு நான் பார்த்தவற்றில் நேர்மையான பதில் இந்தப் பயிற்சியில்தான் இருக்கிறது. அதே சமயம் இதில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

மதிப்பீட்டில் பிறந்த வடிவம்

வெப்குவெஸ்ட் என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்கு விசாரித்து அறிய வேண்டிய ஒரு பணி தரப்படும். அதற்கு வேண்டிய தகவல்களில் பெரும்பகுதியை இணையத்திலிருந்து எடுப்பார்கள். ஆனால் தேடி அலைய வேண்டியதில்லை. பார்க்க வேண்டிய பக்கங்களை ஆசிரியரே பொறுக்கிக் கொடுத்திருப்பார். அறிமுகம், பணி, செய்முறை, மதிப்பீடு, முடிவுரை என்ற வரிசையில் பக்கம் அமையும். சிறியது என்றால் ஒன்று முதல் மூன்று பாடவேளை, பெரியது என்றால் ஒரு வாரம் முதல் ஒரு மாதம்.

டாட்ஜ் இதை 1995-இல் எழுதி வெளியிட்டபோது கூகுள் கிடையாது. நெட்ஸ்கேப் உலாவியே அப்போதுதான் வந்திருந்தது. 'போய்த் தேடு' என்று பிள்ளைகளை இணையத்தில் விட்டால் பாடவேளை முழுக்கத் தேடலிலேயே போய்விடும் என்ற நடைமுறைக் கவலை இந்த வடிவத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அவரோடு சேர்ந்து இதை வளர்த்தவர் டாம் மார்ச்.

பலர் கவனிக்காத விஷயம், இந்த வடிவம் பிறந்ததே ஆசிரியர்கள் ஒரு செயல்பாட்டை எடைபோட்ட வகுப்பில்தான் என்பது. டாட்ஜ் தன்னிடம் பயிற்சிக்கு வந்த வருங்கால ஆசிரியர்களுக்கு 'ஆர்க்கியோடைப்' என்ற மென்பொருளை அறிமுகப்படுத்த நினைத்தார். நியூயார்க்கின் டால்டன் பள்ளியில் உருவானது அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பழங்காலத் தொல்லியல் களத்தைத் திரையிலேயே தோண்டி, கிடைக்கும் பொருட்களை வைத்து அங்கே வாழ்ந்தவர்கள் யார், என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். ஆனால் டாட்ஜிடம் அந்த மென்பொருளின் பிரதி இல்லை. காட்ட முடியாத ஒன்றை எப்படி அறிமுகப்படுத்துவது?

அவர் விரிவுரை நடத்தவில்லை. அந்த மென்பொருளைப் பற்றி வந்த அறிக்கைகள், அதன் பின்னுள்ள கல்விக் கொள்கையைப் பேசும் சில இணையப் பக்கங்கள், அதை உருவாக்கியவர்களில் ஒருவருடன் ஓர் உரையாடல், வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த ஆசிரியருடன் இன்னொன்று என்று பல மூலங்களை ஏற்பாடு செய்தார். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து மூலங்களைப் பங்கிட்டுக் கொடுத்தார். 'நீங்கள் பயிற்சிக்குப் போகப்போகும் பள்ளிக்கு இது சரிப்படுமா? சரிப்படும் என்றால் எப்படி?' என்று ஒரே ஒரு முடிவைக் கேட்டார். அந்த வகுப்பில் தான் பேசியது மிகக் குறைவு என்றும், மாணவர்களிடம் அதுவரை கேட்டிராத ஆழமான பேச்சை அன்று கேட்டதாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த வகுப்பின் எலும்புக்கூட்டைத்தான் வெப்குவெஸ்ட் என்று வார்த்தெடுத்தார்கள்.

இந்தக் கதை முக்கியமானது. ஆளுக்கொரு மூலத்தைப் படித்துவிட்டு வந்தவர்கள் ஒரே முடிவுக்கு வர வேண்டும், அந்த முடிவு தாங்கள் வேலை செய்யப்போகும் பள்ளியைப் பற்றியது. இந்த இரண்டும்தான் அந்தப் பேச்சை உயர்த்தின. மென்பொருளின் அழகு அதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அது அந்த அறையில் இல்லவே இல்லை.

நான்கு நாற்காலிகள்

இனி பயிற்சிக்கு வருவோம். குழுவில் உள்ள நால்வருக்கும் நான்கு வேடங்கள் தரப்படுகின்றன. அவரவர் வேடத்தின் கண்ணால்தான் ஐந்து செயல்பாடுகளையும் பார்த்துக் குறிப்பெழுத வேண்டும்.

முதலாமவரை நேரக் கணக்கர் என்று அழைக்கலாம். வகுப்பில் வீணாகும் நேரம்தான் இவருக்குப் பெரிய கவலை. இந்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் பிள்ளைகள் விழித்துக்கொண்டிருப்பதை இவரால் பொறுக்க முடியாது. சின்ன விஷயத்தைச் சுருக்கமாக, நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் போதும், பாஸ் போட்டுவிடுவார். ஆனால் நீண்ட செயல்பாடு என்றால் அந்த நாட்களுக்கு ஈடான ஆழம் வேண்டும் என்பார்.

இரண்டாமவர் கூட்டாளி. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பேசி, வாதிட்டு, ஒத்துவந்தால்தான் முடியும் என்ற வேலையே இவருக்கு நல்ல வேலை. ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து முடித்துவிடக் கூடியது என்றால் அக்கறை காட்ட மாட்டார்.

மூன்றாமவர் உயர்சிந்தனைக்காரர். பள்ளிகளில் மனப்பாடம் மிஞ்சிப்போய்விட்டது என்பது இவர் கட்சி. பிள்ளை அலசிப் பார்க்கிறதா, முரண்படும் பார்வைகளை ஒன்றாக வைத்து யோசிக்கிறதா, கடைசியில் ஒரு நிலைப்பாட்டை எடுக்கிறதா என்று மட்டுமே கேட்பார்.

நான்காமவர் தொழில்நுட்பப் பிரியர். வண்ணம், அசையும் படங்கள், சுவாரசியமான இணைப்புகள் எல்லாம் இவருக்குப் பிடிக்கும். இணையத்தைப் பேருக்குத் தொட்டுவிட்டு நகர்ந்தால், 'இதற்கு ஒரு பயிற்சித்தாள் போதுமே' என்று சொல்லிவிடுவார்.

முதல் பார்வைக்கு நான்காவது வேடம் மட்டும் கேலிச்சித்திரம் போலத் தெரியும். ஜிகினாவுக்கு மயங்குகிற ஆள் என்று ஒதுக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'இதற்கு இணையம் எதற்கு?' என்று கேட்கும் ஒரே ஆள் இவர்தான். பாடநூலின் பக்கத்தை அப்படியே திரைக்கு மாற்றி 'மின்பாடம்' என்று பெயர் சூட்டிய எத்தனையோ பொருட்கள் இந்தக் கேள்வி ஒன்றிலேயே விழுந்துவிடும். ஒரு ஏரியின் பத்தாண்டுச் செயற்கைக்கோள் படங்கள், இரண்டு நாட்டுச் செய்தித்தாள்கள் ஒரே சம்பவத்தை எழுதிய விதம், காப்பகத்தில் ஸ்கேன் செய்து வைத்த கடிதம் இவையெல்லாம் பாடநூலுக்குள் அடங்காது. அதற்குத்தான் இணையம். தொழில்நுட்பப் பிரியரைக் குழுவில் மதித்துக் கேட்டால் இந்த வாதம் அவர் வாயிலிருந்து வந்துவிடும்.

வேடம் கொடுப்பதில் இன்னொரு நன்மை இருக்கிறது. ஆசிரியர்கள் பொதுவாக அடுத்தவர் தயாரித்த பாடத்தை முகத்துக்கு நேராகக் குறை சொல்லத் தயங்குவார்கள். 'நல்லா இருக்கு சார், கொஞ்சம் மெருகு போடலாம்' என்ற அளவில் பேச்சு நின்றுவிடும். வேடம் இருந்தால் அந்தக் கூச்சம் விலகுகிறது. கூட்டாளி நாற்காலியில் உட்கார்ந்தவர், 'இதில் நாலு பேருக்கு வேலையே இல்லை, ஒருத்தர் டைப் செய்வார், மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள்' என்று தாராளமாகச் சொல்லலாம். இளையவர் மூத்தவரை மறுத்துப் பேசுவதும் எளிதாகிறது. நம் ஊர்ப் பணியிடைப் பயிற்சிகளில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சிறந்த இரண்டு, மோசமான இரண்டு என்று கட்டாயப்படுத்துவதும் இதே வேலையைச் செய்கிறது. ஐந்தையும் 'பரவாயில்லை' என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. ஏதாவது இரண்டைக் கீழே தள்ளியாக வேண்டும், தள்ளினால் காரணம் சொல்லியாக வேண்டும். நான்கு கோணங்களிலிருந்து வந்தவர்கள் இயல்பாக ஒத்துப்போக மாட்டார்கள். கடைசியில் வேடங்களைக் கொஞ்சம் தளர்த்தி, பிள்ளைகளுக்கு எது நல்லது என்ற புள்ளியில் சந்திக்க முடியுமா என்று பார்க்கச் சொல்கிறது பயிற்சி. 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்ற மூன்றாவது கேள்வி கடைசியில் வருவது சரியான வரிசை. அதற்குள் வாய்ச்சண்டை நடந்து முடிந்திருக்கும், ஒவ்வொருவருடைய அளவுகோலும் வெளியே வந்து மேசைமேல் கிடக்கும்.

ஒரு துண்டறிக்கையை எடுத்துப் பார்ப்போம்

நான்கு பார்வைகளும் மோதினால் என்ன நடக்கும் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் நெருங்கிப் பார்க்கலாம். இந்த வகைச் செயல்பாடுகளில் அடிக்கடி வருவது 'சுற்றுலாத் துண்டறிக்கை'. பணி இப்படி இருக்கும்: நீங்கள் ஒரு பயண நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள். சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனுக்குச் சுற்றுலா அழைத்துப் போக ஒரு வண்ணத் துண்டறிக்கை தயாரியுங்கள். வெப்பநிலை, வளிமண்டலம், பூமியிலிருந்து தூரம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும்.

பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைகளுக்கும் பிடிக்கும். நேரக் கணக்கர், 'மூன்று எண்களை எழுத மூன்று பாடவேளையா?' என்பார். கூட்டாளி, பங்கு பிரிக்க இதில் ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார். உயர்சிந்தனைக்காரர், இணைப்பைத் திறந்து முதல் பத்தியை நகலெடுத்து ஒட்டினால் பணி முடிந்துவிடும் என்று காட்டுவார். தொழில்நுட்பப் பிரியர்கூட, படங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் கலைக்களஞ்சியத்தில் இதே படம் இருக்கிறதே என்று இழுப்பார்.

டாட்ஜ் வெப்குவெஸ்ட் பணிகளைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். மறுகூறல், தொகுத்தல், புதிர் அவிழ்த்தல், செய்தி எழுதுதல், வடிவமைத்தல், ஒருமித்த முடிவுக்கு வருதல், வாதிட்டு இணங்கவைத்தல், தீர்ப்புச் சொல்லுதல் என்று அது போகும். நம் துண்டறிக்கை மறுகூறலுக்குப் புது உடுப்பு மாட்டியது, அவ்வளவுதான்.

சரி, இதை எப்படிச் சரிசெய்வது? உண்மையில் நடந்த ஒரு முடிவை எடுத்துக்கொள்வோம். 2017 டிசம்பரில் நாசா தன் அடுத்த கோள் பயணத்துக்கு இரண்டு திட்டங்களை இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தெடுத்தது. ஒன்று 'டிராகன்ஃபிளை': டைட்டனில் பறந்து பறந்து இறங்கும் சுழலிறகு ஊர்தி. இன்னொன்று 'சீசர்': 67பி சூர்யுமோவ்-கெராசிமென்கோ வால்மீனிலிருந்து மாதிரியை எடுத்துப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டம். இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். 2019 ஜூனில் டிராகன்ஃபிளை தேர்வானது.

இப்போது பணியை மாற்றி எழுதுங்கள். நான்கு பேர் கொண்ட தேர்வுக்குழு நீங்கள். உயிரின் தோற்றத்தை ஆராய்பவர் ஒருவர், பொறியாளர் ஒருவர், நிதியைப் பார்ப்பவர் ஒருவர், சூரியக் குடும்பத்தின் வரலாற்றைப் படிப்பவர் ஒருவர். ஆளுக்கு வேறு வேறு மூலங்கள். எந்தத் திட்டத்தைப் பரிந்துரைக்கிறீர்கள்? நிராகரித்த திட்டத்தை நடத்தியவர்களுக்குக் காரணம் விளக்கி ஒரு கடிதம் எழுதுங்கள். நாசா வேறு முடிவு எடுத்திருந்தாலும் பரவாயில்லை, உங்கள் காரணங்கள் நிற்க வேண்டும்.

டைட்டனின் வெப்பநிலை இப்போதும் பிள்ளைக்குத் தேவைப்படும். ஆனால் ஊர்தியின் மின்கலம் அந்தக் குளிரைத் தாங்குமா என்று பொறியாளராக யோசிப்பதற்காகத் தேவைப்படும். நிராகரிப்புக் கடிதத்தை எந்த இணையப் பக்கத்திலிருந்தும் நகலெடுக்க முடியாது. நகலெடுத்து ஒட்டி முடிக்கக் கூடிய வேலை உண்மையான வெப்குவெஸ்ட் ஆகாது என்பதை டாம் மார்ச் அழுத்திச் சொல்லிவந்ததும் இதனால்தான்.

ஐம்பது மதிப்பெண் தாள்

இந்தப் பயிற்சிக்கு அப்பால், வெப்குவெஸ்ட்களை மதிப்பிட 2001-இல் சான் டியாகோ குழு ஒரு மதிப்பீட்டு அட்டவணையையும் வெளியிட்டது. மொத்தம் 50 மதிப்பெண். தோற்றம், பக்கங்களுக்கிடையே நகரும் வசதி, பிழையின்மை இவற்றுக்கு 10. அறிமுகத்துக்கு 4. பணிக்கு 10. செய்முறைக்கு 12. மூலங்களுக்கு 8. மாணவர் மதிப்பீட்டுக்கு 6.

இந்த அட்டவணையைப் பலர் அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் உட்பிரிவுகளைக் கூட்டிப் பாருங்கள். பணிக்கு உள்ள 10-இல் 4 பாடத்திட்டத் தொடர்புக்கு, 6 சிந்தனையின் தரத்துக்கு. அதாவது, வெறும் நகலெடுக்கும் வேலை ஒன்று சிந்தனையின் தரத்தில் பூஜ்யம் வாங்கினாலும், மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் எடுத்தால் 50-க்கு 44 வாங்கிவிடும். நம் டைட்டன் துண்டறிக்கை மெருகேற்றப்பட்டால் கிட்டத்தட்ட அந்த இடத்துக்குப் போய்விடும். தோற்றத்துக்கும் பணிக்கும் ஒரே எடை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மதிப்பெண் தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு செயல்பாட்டை உருவாக்குகிறவருக்கு 'இதை மறந்துவிட்டாயே' என்று நினைவுபடுத்த அது மிகவும் பயன்படும். குறிப்பாக செய்முறைப் பகுதியில் படிப்படியான உதவிக்கு 6 மதிப்பெண் ஒதுக்கியது நல்ல முடிவு. பிள்ளைக்குக் கடினமான வேலையைக் கொடுத்தால் அதைச் செய்யும் வழியையும் கொடுக்க வேண்டும்: குறிப்பெடுக்கும் தாள், நேர்காணல் கேள்விகளின் மாதிரி, கடிதத்தின் சட்டகம். ஆனால் பல செயல்பாடுகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கூட்டுத்தொகை ஏமாற்றிவிடுகிறது. ஒரு பலவீனத்தை இன்னொரு பலம் கணக்கில் ஈடுகட்டுகிறது, வகுப்பில் ஈடுகட்டுவதில்லை. அதனால் நால்வர் உரையாடல் முதலில், மதிப்பெண் தாள் அப்புறம் என்ற வரிசையே சரி. தாளை முதலில் கையில் கொடுத்துவிட்டால் ஆசிரியர்கள் கட்டங்களை நிரப்புவதிலேயே மூழ்கிவிடுவார்கள்.

வகுப்பில் நடந்தது என்ன?

ஆசிரியர்கள் நல்லது என்று தேர்ந்தெடுத்தவை பிள்ளைகளிடம் எப்படி வேலை செய்தன? ஆராய்ச்சிகள் தரும் பதில் கலவையானது.

ஆண்ட்ரூ மில்சன் 2002-இல் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் வகுப்பு ஒன்றைக் கவனித்து எழுதினார். விசாரித்து அறிய வேண்டிய பணியைக் கொடுத்தாலும், பிள்ளைகள் பலர் விடையைத் தயாராக வைத்திருக்கும் பக்கத்தைத் தேடினார்கள். சிரமம் குறைந்த வழியைத்தான் நாடினார்கள். இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவரை படித்த வகுப்புகளெல்லாம் 'சரியான விடை எங்கோ எழுதப்பட்டிருக்கிறது, கண்டுபிடி' என்றுதான் பழக்கியிருந்தால், ஒரு வாரத்தில் அந்தப் பழக்கம் மாறுமா?

ஜேனட் ஸ்டிரிக்லண்ட் 2005-இல் டெக்சாஸ் புரட்சி பற்றிய பாடத்தில் வெப்குவெஸ்ட்டையும் வழக்கமான வகுப்புச் செயல்பாட்டையும் ஒப்பிட்டார். பாட இறுதித் தேர்வில் வெப்குவெஸ்ட் செய்த மாணவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஜேசன் அபிட், ஜான் ஓஃபஸ் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் எழுதியபோதும் இதே சாயல்தான். சேர்ந்து வேலை செய்யும் பழக்கத்திலும் மனப்பான்மையிலும் நன்மை தெரிந்தது. பாடத் தேர்ச்சியில் அந்த அளவுக்குத் தெளிவான ஆதாயம் தெரியவில்லை.

இதை வைத்து விசாரணை வழிக் கற்றலே தோல்வி என்று முடிவுகட்டுவது அவசரம். தகவலை நினைவில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் தேர்வு, நிராகரிப்புக் கடிதம் எழுதும் திறனை அளக்காது. ஆனாலும் ஆசிரியர் இந்த முடிவுகளைக் கண்டுகொள்ளாமல் போக முடியாது. அவருடைய பிள்ளைகள் ஆண்டு இறுதியில் எழுதப்போவது அந்தத் தேர்வைத்தான். விசாரணை முடிந்தபிறகு, 'இதில் நாம் தெரிந்துகொண்ட பாடப்பொருள் என்ன?' என்று ஒரு பாடவேளை ஒதுக்கி உட்கார்ந்து தொகுக்காத செயல்பாடு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளீபோர்ன் மேடக்ஸும் ரோடா கம்மிங்ஸும் 2007-இல் எழுப்பிய விமர்சனம் இன்னும் கூர்மையானது. வெப்குவெஸ்ட் இலக்கியம் சவாலான சிந்தனையைப் பற்றி நிறையப் பேசுகிறது, ஆனால் அந்தச் சவால் இந்த வயதுப் பிள்ளையின் வளர்ச்சி நிலைக்குப் பொருந்துகிறதா என்ற கேள்விக்குப் போதிய அழுத்தம் தரவில்லை என்றார்கள் அவர்கள்.

காலியாக இருக்கும் நாற்காலி

நான் முதலில் சொன்ன ஓட்டை இங்கேதான். நான்கு வேடங்களையும் மறுபடி பாருங்கள். நேரம் பேசப்படுகிறது, கூட்டுவேலை பேசப்படுகிறது, சிந்தனை பேசப்படுகிறது, தொழில்நுட்பம் பேசப்படுகிறது. 'இந்தப் பக்கத்தை என் வகுப்புப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளுமா?' என்று கேட்க யாரும் இல்லை. 'இதில் சொல்லியிருப்பது சரியா?' என்று கேட்கவும் ஆள் இல்லை.

இரண்டும் சின்னக் குறைகள் இல்லை. ஏழு நிமிடத்தில் ஒரு செயல்பாட்டைப் பார்க்கும் ஆசிரியர் பெரும்பாலும் பணிப் பக்கத்தை மட்டுமே படிப்பார். அதில் கொடுத்துள்ள பத்து இணைப்புகளையும் திறந்து படிக்க நேரமில்லை. பிள்ளைக்கோ அந்த இணைப்புகள்தான் பாடமே. பணி ஏழாம் வகுப்பு மொழியில் இருக்கும், இணைப்பு கல்லூரி மொழியில் இருக்கும். அந்த இடத்தில் பிள்ளை படிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணில் பட்ட வாக்கியத்தை நகலெடுக்கத் தொடங்கும். மில்சன் கண்ட 'சிரமம் குறைந்த வழி'யில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது என்றே நினைக்கிறேன். தமிழ்வழி வகுப்பில் ஆங்கில இணைப்புகளோடு ஒரு வெப்குவெஸ்ட்டை அப்படியே கொண்டுபோனால் இந்தச் சிக்கல் முதல் ஐந்து நிமிடத்திலேயே தலைகாட்டும். மாறாக, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) அறிவியல் உருவகச் செயலிகள், அதாவது பரிசோதனையைத் திரையிலேயே செய்துபார்க்க உதவுபவை, பல தமிழிலும் இருக்கின்றன. ஒரு செயல்பாட்டை அவற்றைச் சுற்றி அமைத்தால் படிக்கும் பாரம் குறையும். ஆனால் ஃபெட் செயலி என்பது ஒரு மூலம் மட்டுமே, பணியை ஆசிரியர்தான் எழுத வேண்டும். ஸ்லைடரை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்ப்பது விசாரணை ஆகிவிடாது.

எனவே இந்தப் பயிற்சியை நடத்துகிறவர்களுக்கு என் பரிந்துரை, ஐந்தாவதாக ஒரு நாற்காலி போடுங்கள். அதில் உட்காருபவர் வகுப்பில் வாசிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளையின் வேடத்தில் இருக்கட்டும். அவர் பணிப் பக்கத்தை விட்டுவிட்டு நேராக மூன்றாவது இணைப்பைத் திறந்து, அதைப் படித்து, பணியின் முதல் படியைத் தன் கையால் செய்து பார்க்கட்டும். பேசுவதைவிட அவர் செய்துகாட்டுவது அதிகம் சொல்லும். செய்ய முடியாமல் எங்கே நின்றார் என்பதுதான் குழுவுக்கு அவர் தரும் குறிப்பு.

தகவலின் சரித்தன்மையைப் பொறுத்தவரை, ஒரு பக்கத்தை உற்றுப் பார்த்து அதன் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்த ஆய்வில், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் புதிய தளத்தில் அதிக நேரம் தங்கவில்லை. உடனே வேறு தாவல்களைத் திறந்து அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். அந்தப் பக்கத்திலேயே தங்கி வாசித்த வரலாற்றுப் பேராசிரியர்கள்கூடப் பலமுறை ஏமாந்தார்கள். ஆசிரியர் ஒரு செயல்பாட்டின் இணைப்புகளைச் சோதிக்கும்போது செய்ய வேண்டியதும் இதுவே. ஒரு தளத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.

இணைப்புகள் செத்துப்போவது இன்னொரு தலைவலி. ஆசிரியர்கள் உருவாக்கிய எத்தனையோ வெப்குவெஸ்ட்கள் ஜியோசிட்டீஸ் போன்ற இலவசத் தளங்களில் இருந்தன. அது 2009-இல் மூடப்பட்டது. அடோபி ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தபோது, ஃப்ளாஷில் செய்த பரிசோதனைகளும் விளையாட்டுகளும் உலாவியில் திறக்காமல் போயின. ஒரு காலத்தில் தொழில்நுட்பப் பிரியர் முதலிடம் கொடுத்த செயல்பாடுகள்தான் இதில் அதிகம் அடிபட்டன. எளிய எழுத்தும் படமுமாக இருந்தவை இன்றும் திறக்கின்றன.

இப்போது இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, நகலெடுத்து ஒட்ட வேண்டிய தேவைகூடப் பிள்ளைக்கு இல்லை. பணி வாக்கியத்தை அப்படியே கொடுத்தால் விடை வந்துவிடும். நம் நிராகரிப்புக் கடிதத்தையும் அது எழுதித் தரும், நன்றாகவே எழுதும். இதனால் உயர்சிந்தனைக்காரரின் நாற்காலியில் இருந்த பலம் கொஞ்சம் கூட்டாளியின் நாற்காலிக்கு நகர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதிக் கொடுக்கும் பொருளைவிட, நான்கு பிள்ளைகள் முகம் பார்த்து வாதிட்டு ஒரு முடிவுக்கு வருவதும், 'நீ ஏன் அப்படிச் சொன்னாய்?' என்ற கேள்விக்கு அங்கேயே பதில் சொல்வதும் இப்போது மதிப்பு கூடியவை. ஒரு செயல்பாடு கடைசியில் கோப்பை மட்டும் கேட்கிறதா, பேச்சையும் கேட்கிறதா என்று பார்த்தே நான் இன்று தேர்ந்தெடுப்பேன்.

இதை உங்கள் பள்ளியில் நடத்த நினைத்தால் ஐந்து உதாரணங்கள் தேவையில்லை, மூன்று போதும். ஒன்று தெளிவாக நல்லது, ஒன்று தெளிவாக மோசம், இன்னொன்று பார்க்க அழகாக இருந்து உள்ளே வெறுமையானது. மூன்றாவதில்தான் சண்டை நடக்கும், அதற்கு நேரம் ஒதுக்கிவையுங்கள். ஒரே பாடத்தை நடத்தும் ஆசிரியர்களை ஒரே குழுவில் போடாமல் கலந்து உட்காரவையுங்கள். அறிவியல் ஆசிரியருக்கு வெளிச்சமாகத் தெரியும் பணி தமிழாசிரியருக்குப் புரியவில்லை என்றால் பிள்ளைக்கும் புரியாது. முதல் நாள் மாலையே எல்லா இணைப்புகளையும் திறந்து பாருங்கள், உங்கள் கைபேசியில் வேண்டாம், பிள்ளைகள் உட்காரப்போகும் அந்த ஆய்வகக் கணினியில், அந்த இணைய வேகத்தில்.